இருபத்து நாலரை டிகிரி

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில் ஒரு கூட்டம் போட்டார்கள். திறமைசாலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, அவர்களை எப்படி விட்டுவிடாமல் வைத்துக்கொள்வது என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். ரிட்டையர் ஆகிவிட்ட என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, இப்போது லேப்பைப் பார்த்துக்கொள்கிற கவிதா கேட்டாள்.

"அக்கா, உங்க காலத்துல அந்த மாதிரி பயங்கர பிரில்லியன்ட்டான ஆளுங்க யாராவது இருந்தாங்களா?"

"ஒருத்தி இருந்தா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"நாமதான் தொரத்திட்டோமே."

கவிதா சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டாள். பிறகு, எழுதிக் கொடுங்கள், தொழிற்சங்க மலரில் போடலாம் என்றாள். எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் சரோஜா. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதற்காக மரக்காணம் உப்பளத்தில் லேப் அசிஸ்டன்ட் வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் பயிற்சி. அதில் நான் கற்றுக்கொண்டது ஒழுங்காக அளப்பது, அளந்ததை ஒழுங்காக எழுதுவது, இரண்டுதான். அதை வைத்துக்கொண்டே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். நான் கெட்டிக்காரி இல்லை. சுமாரான ஆள். என்னைப் போன்றவர்களுக்கு வேலையில் ஒரு தொந்தரவும் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உப்பு எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்பளத்தையே பார்க்காதவர்களும் மலரைப் படிப்பார்கள். உப்பங்கழித் தண்ணீரைப் பாத்தியில் விடுகிறோம். வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி ஏறும். அதைத்தான் டிகிரி என்கிறோம். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போவோம். இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு விளைய ஆரம்பிக்கும். உப்பை வாரிய பிறகு, மிச்சமிருக்கும் தண்ணீர் எண்ணெய் மாதிரி வழவழப்பாக, நாக்கில் வைக்க முடியாத கசப்பாக இருக்கும். உப்போடு கடலில் இருந்த வேண்டாத சரக்கெல்லாம் அதில்தான் நிற்கிறது. அதன் டிகிரி உப்புத் தண்ணீரைவிட அதிகம். அந்தக் கசப்புத் தண்ணீரை வடிகாலில் விட்டுவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

காலை ஆறு மணிக்கு நான் வரப்பில் இறங்குவேன். கையில் ஒரு மரப்பெட்டி. அதில் பஞ்சு வைத்து, தண்ணீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாய். கூடவே ஒரு உயரமான ஜாடி, ஒரு தெர்மாமீட்டர். பன்னிரண்டு இடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஜாடியை இரண்டு தடவை அதே தண்ணீரில் அலசிவிட்டு, மூன்றாவது தடவை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். குழாயைப் போடக் கூடாது, இறக்க வேண்டும். லேசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒட்டியிருக்கும் நீர்க்குமிழி போய்விடும். அது ஆடி அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, முட்டி போட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்ப்பவர்கள் எழுதுவதெல்லாம் பொய். என் முட்டி தேய்ந்ததற்கு டாக்டர் வயசைக் காரணம் சொல்கிறார். எனக்குத் தெரியும் காரணம்.

அந்தக் காலைகள் இப்போதும் கண்ணில் நிற்கின்றன. பாத்தித் தண்ணீர் சில நாள் ரோஜா நிறத்தில் கிடக்கும். கிழக்கே கடல் இரையும். ஈ.சி.ஆரில் முதல் பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். வெயில் ஏறிவிட்டால் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அதற்கு முன்னால் இருக்கிற ஒன்றரை மணி நேரம் எனக்குச் சொந்தம். அதில் ஆறு வருஷம் எனக்கும் அஞ்சலைக்கும் சொந்தம்.

அஞ்சலை எங்கள் உப்பளத்தில் பாத்தியில் இறங்கி உப்பு சுமந்தவள். சீசனுக்கு மட்டும் கூப்பிடுகிற கூலி ஆள். எட்டாவது வரைக்கும் படிப்பு. நான் அவளை முதலில் கவனித்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நாலு இருக்கும். என்னைவிட நாலைந்து வயது இளையவள்.

கவனித்தது ஒரு தகராறில். பாத்தியிலிருந்து மேட்டுக்கு உப்பு சுமக்கும் பெண்கள் பதினாலு பேர். வரப்பு ஒற்றையடிப் பாதை மாதிரி. கூடையோடு வருகிறவளுக்கு வழிவிட்டு, காலிக் கூடையோடு திரும்புகிறவள் ஒதுங்கி நிற்க வேண்டும். நாள் முழுக்க இப்படி நின்று நின்றுதான் வேலை நடந்தது. அஞ்சலை ஒரு நாள், "போவறவ எல்லாம் இந்த வரப்புல போங்க, திரும்பறவ எல்லாம் அந்த வரப்புல வாங்க. தூரத்துப் பாத்திய வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடுங்க, கிட்ட இருக்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பிரித்துவிட்டிருக்கிறாள். பதினொரு மணிக்கு முடிய வேண்டிய வேலை ஒன்பதரைக்கு முடிந்தது. மேஸ்திரி முனுசாமி வந்து பார்த்தார். மறுநாள் அந்தப் பதினாலு பேருக்கும் இன்னும் இரண்டு பாத்தியைச் சேர்த்துக் கொடுத்தார்.

அன்றைக்கு மத்தியானம் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். லேப் ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னாடி கம்ப்யூட்டரு, நாளைக்கு இன்னா புது வழி? பாண்டிச்சேரி சுத்திகினு வரலாமா?"

"உன் மூளைக்கு நாங்க ஏண்டி சொமக்கணும்?"

"நான் சீக்கிரம் வூட்டுக்குப் போவலாம்னுதான்டி சொன்னேன்" என்றாள் அஞ்சலை.

"போனியா?"

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் சொன்னது நியாயம். கோபமெல்லாம் முனுசாமி மேல்தான். ஒருத்தி நாலு பேருக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தால், அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் உடனே தோன்றிவிடுகிறது. அதற்கு அப்புறம் அஞ்சலை வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். நன்றாக நடக்கத் தெரிந்தவள் மெதுவாக நடப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நொண்டுவது மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளில் நிஜமாகவே காலைக் கிளிஞ்சல் கிழித்துவிட்டது. உப்புத் தண்ணீரில் அந்தப் புண் ஆறாது. முனுசாமி அவளை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம், இவள இங்கயே வச்சிக்கங்க. ஜாடி தூக்கட்டும். அங்க வச்சிருந்தா எதாவது கேட்டுக்கினே இருக்கா."

இரண்டு வாரத்துக்கு என்று வந்தவள். புண் ஆறிய பிறகும் நான் திருப்பி அனுப்பவில்லை. முனுசாமியும் கேட்கவில்லை.

முதல் வாரம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்தாள். இரண்டாவது வாரம், நான் குழாயை இறக்கும் முன்னாலேயே முணுமுணுக்க ஆரம்பித்தாள். "பதினெட்டு." குழாய் ஆடி அடங்கினால் பதினெட்டு. அடுத்த பாத்தியில், "இருபத்தொண்ணே கால்." இருபத்தொன்றே கால்தான்.

"ஏய், எப்படிச் சொல்ற?"

"நேத்து பதினாறரை எழுதினீங்க. நேத்து முழுக்கத் தெக்கத்திக் காத்து. தண்ணி நாலு விரக்கடைதான் நிக்குது. அப்ப பதினெட்டாத்தான் இருக்கணும்."

"பன்னெண்டு பாத்திக்குமா ஞாபகம் வச்சிருக்க?"

"ஞாபகம் எதுக்குங்க வச்சிக்கணும்? அது பாட்டுக்கு இருக்குது."

எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன். நான் முட்டி போட்டுப் பார்க்கிற எண்ணை இவள் நின்றபடியே சொல்கிறாள். ஒரு மாதம் கழித்து இன்னொன்று சொன்னாள்.

"அக்கா, உங்க கொழா பொய் சொல்லுது."

"வாய மூடிக்கினு ஜாடியைப் புடி."

"மூணு நாளா நான் நெனைக்கறதுக்கு அரை டிகிரி கம்மியா வருதுக்கா. ஒரு பாத்தின்னா என் கணக்கு தப்புன்னு வுட்டுடுவேன். பன்னெண்டும் ஒரே மாதிரி அரையரை தப்பா வருமா? அப்ப தப்பு தண்ணியில இல்ல."

எரிச்சலோடு லேப்புக்கு வந்து, பீரோவில் இருந்த புதுக் குழாயை எடுத்து இரண்டையும் ஒரே ஜாடியில் இறக்கினேன். அரை டிகிரி வித்தியாசம். பழைய குழாயின் தண்டுக்குள் எண் போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். அது பசை விட்டு மயிரிழை நழுவியிருந்தது. நான் தினமும் கண்ணுக்கு நேரே பார்த்த காகிதம்.

மேனேஜரிடம் போய்க் குழாய் கெட்டுவிட்டது, மாற்றிவிட்டேன் என்றேன். "நல்ல கவனம் சரோஜா" என்றார். கண்டுபிடித்தது அஞ்சலை என்று நான் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல.

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். முழுக்கைச் சட்டை, பொத்தான் போட்டிருக்கும். யார் உள்ளே போனாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகப்பு நம்மைப் பார்க்கிற மாதிரி மேஜையில் வைப்பார். "சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் இருக்கு" என்பார். நாம் சொல்வதையெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டு, ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். "நல்ல பாயின்ட். நோட் பண்ணிக்கிட்டேன்." வெளியே வந்தால் நமக்கே ஒரு பெருமை. ஒரு தடவை அவர் இல்லாதபோது மேஜையைத் துடைக்கிறேன், நோட்டு திறந்து கிடந்தது. பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டிருந்தார். சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொன்றையும் பென்சிலால் நிரப்பி. ஒரு வார்த்தை இல்லை. சத்தம் போடுகிற மேனேஜர்கள் இரண்டு பேரிடம் பிறகு வேலை பார்த்தேன். அவர்கள் எவ்வளவோ மேல்.

அஞ்சலையோடு போன காலைகள் எனக்குப் பழகிவிட்டன. பழகிவிட்டன என்ன, அதற்காகத்தான் எழுந்து போனேன். அவள் சும்மா வரமாட்டாள். மழைத் தண்ணீர் ஏன் மேலேயே நிற்கிறது, ஏழாம் பாத்தி ஏன் எப்போதும் பிந்துகிறது, பாதி வற்றும் முன்பே சுண்ணாம்பு மாதிரி எதுவோ அடியில் படிகிறதே அது என்ன. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பாதி சொல்லும்போதே மீதியை அவள் சொல்லிவிடுவாள். தெரியாததற்குக் கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுல சுத்தி வளைச்சிச் சொல்றாங்கக்கா" என்றாள். நான் அவ்வளவு சிரித்தது அந்த வருஷங்களில்தான்.

ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் சொல்றது அவங்களுக்குப் புரியறதுக்குள்ள எனக்கு அடுத்தது வந்துடுதுக்கா. சொன்னா திமிருங்கறாங்க. வாய மூடிக்கினு இருந்தா மண்டைய வலிக்குது. நெஜமாவே வலிக்குது. தைலம் தேச்சாலும் போவல."

"கொஞ்சம் பொறுமையா இருக்கணும்டி."

"பொறுமையாத்தான் இருக்கேன். எம்மா நேரம் இருக்கறது?"

அந்தச் சமயத்தில் லேப்பில் இரண்டாவதாக ஒரு ஆள் போடக் கம்பெனி அனுமதி கொடுத்தது. நிரந்தர வேலை. பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். அஞ்சலை தனியாகப் பரீட்சை எழுதினாள். கணக்கில் வெளுத்து வாங்கினாள், தமிழில் தத்தளித்துக் கரையேறினாள். மார்க் லிஸ்ட்டைக் கொண்டுவந்து காட்டியபோது, என் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"கெடைக்குமாக்கா?"

"உனக்குக் கெடைக்காம?"

"புண்ணு இல்லாத காலு எப்படி இருக்கும்னு பாக்கணும். அதுவும் இல்லாம, நாள் பூரா தலைக்கு வேலை. யாரும் கம்ப்யூட்டருன்னு சொல்லமாட்டாங்க. அங்க அதான வேலையே."

நான் மேனேஜரிடம் அவளுக்காகப் பேசினேன். கடிகாரத்தை எடுத்து வைத்தார். தலையை ஆட்டினார். நோட் பண்ணிக்கொண்டார். "சீசன் முடியட்டும், பார்த்துப் போடலாம்" என்றார். அவளிடம் சொன்னேன். அன்றையிலிருந்து அவள் முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். ஒரு தப்பும் நடந்துவிடக் கூடாது என்று அவ்வளவு பயம்.

அந்த வருஷம் சீசன் நடுவில் மழை கொட்டியது. ஒரு பாத்தியைத் தவிர எல்லாம் டிகிரி இறங்கிப்போனது. ஒரு பெரிய தொழிற்சாலைக்குக் குறிப்பிட்ட தேதிக்குள் சரக்கு அனுப்புவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர் பதினைந்து டிகிரியில் நிற்கிறது. ஏற இன்னும் மூன்று வாரம் ஆகும். அவர் ஒரு யோசனை செய்தார். மழைக்கு முன்னால் வடித்த கசப்புத் தண்ணீர் வடிகால் குட்டையில் தேங்கிக் கிடந்தது. மேலே மழைத் தண்ணீர் நின்றாலும் அடியில் அது முப்பது டிகிரி. அதை மோட்டார் வைத்து இறைத்து, இளம் தண்ணீரோடு கலக்கச் சொன்னார். நாலாவது நாள் டிகிரி ஏறிவிட்டது. நான் அளந்தேன். இருபத்து நாலரை. மறுபடி அளந்தேன். இருபத்து நாலரை. ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உப்புப் பாத்திக்குத் திறந்துவிடலாம்" என்றார் மேனேஜர்.

அஞ்சலை என் கையைப் பிடித்தாள். "அக்கா, இது உப்புத் தண்ணி இல்ல. வெறும் டிகிரி."

"அளந்தேனேடி."

"கொழாய்க்குக் கனம்தான் தெரியும். எது கனம்னு தெரியாது. அதுல கசப்புதான் கனமா இருக்குது, உப்பு இல்ல. நீ பாரேன்."

லேப்புக்கு வந்து இரண்டு கண்ணாடி ஜாடியை எடுத்தாள். மழைத் தண்ணீரை மேலாக வடித்துவிட்டுக் காப்பாற்றிய ஒரு பாத்தி இருந்தது. அதிலும் இருபத்து நாலரை. அந்தத் தண்ணீர் ஒன்றில், கலந்த தண்ணீர் ஒன்றில். இரண்டிலும் ஒரே அளவு உப்பைப் போட்டுக் கலக்கினாள். முதல் ஜாடியில் போட்ட உப்பு கிட்டத்தட்ட அப்படியே அடியில் கிடந்தது. அந்தத் தண்ணீர் ஏற்கனவே உப்பால் நிறைந்திருந்தது. இரண்டாவதில் போட்ட உப்பு கரைந்து காணாமல் போனது. இன்னொரு பிடி போட்டாள். அதுவும் கரைந்தது. குழாயைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தண்ணீர்.

யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பயிற்சியிலும் இல்லை. முப்பது வருஷத்தில் நான் பார்த்த மிக அழகான சோதனை அதுதான். எனக்குப் புல்லரித்தது. பயமாகவும் இருந்தது.

"வேணாம் அஞ்சலை. போஸ்டிங் போட்டதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள தொறந்துடுவாங்கக்கா. எல்லாம் பாழாப் போயிடும்."

"போவட்டும். உன் சொத்தா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் சொல்வது அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. தப்பு கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது அதை விட்டுவிட்டுப் போக முடியும் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு ஜாடியையும் தூக்கிக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மேனேஜர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். அஞ்சலை ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. புதிதாகத் தண்ணீர் ஊற்றி, உப்பைப் போட்டு, கலக்கிக் காட்டினாள். ஒன்றில் கிடந்தது, ஒன்றில் கரைந்தது. அவர் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அவர் முகத்தில் அது தெரிந்ததை நான் பார்த்தேன். அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"நல்லா இருக்கு" என்றார். பென்சிலை எடுத்தார். "நோட் பண்ணிக்கிறேன். நீதானே லேப் போஸ்ட்டுக்குக் கேட்டிருக்கிற பொண்ணு?"

"ஆமாங்க சார்."

"லேப்ல இருக்கிறவங்க ரெஜிஸ்டரை நம்பணும்மா. இல்லன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம்." என் பக்கம் திரும்பினார். "சரோஜா, உங்க ரீடிங் என்ன?"

அந்த ரூமில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ரீடிங் சரி சார், ஆனா இவ சொல்றதுதான் உண்மை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. இதெல்லாம் அந்த நிமிஷம் நினைவுக்கு வந்ததாகச் சொன்னால் பொய். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"இருபத்து நாலரை சார்."

"அவ்ளோதானே" என்றார். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார்.

திறந்துவிட்டார்கள். விளைய வேண்டிய நாளில் உப்பு விளையவில்லை. பிறகு வந்ததும் சின்னச் சின்ன மணியாக, ஈரமாக, கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேட்டில் கொட்டினால் அடியில் நீர் கசிந்தது. நாக்கில் வைத்தால் கசந்தது. அனுப்பிய லாரிகள் அப்படியே திரும்பி வந்தன. மேனேஜர் ஒருத்தரையும் திட்டவில்லை. மழை வருஷம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அளவுகள் முறைப்படி எடுக்கப்பட்டன என்பதற்கு என் ரெஜிஸ்டரின் நகலை இணைத்தார். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கும். அதை நான் காலியாக விட்டிருந்தேன்.

லேப் வேலைக்குத் திண்டிவனத்திலிருந்து பி.எஸ்ஸி. படித்த ஒருவரைப் போட்டார். நல்ல மனிதர், அவர் மேல் ஒன்றும் இல்லை. அஞ்சலை சொன்னது தப்பாகப் போயிருந்தால்கூட அவளுக்கு அந்த வேலை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். சிரித்து மன்னித்துக் கொடுத்திருப்பார். சரியாகச் சொன்ன ஆளைத் தினமும் எதிரே பார்க்க அவரால் முடியாது.

செய்தி தெரிந்த அன்றைக்கு அஞ்சலை ஜாடியைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். "அந்த ஆளு வேலை தருவாருன்னுகூட நான் எதிர்பாக்கலக்கா. 'நீ சொன்னது சரி'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு இன்னா, ரெண்டு செகண்டு ஆவுமா?" அந்த இரண்டு செகண்டு என்னிடமும் இருந்தது என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த சீசனுக்கு ஆள் கூப்பிடும் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. மேஸ்திரி முனுசாமி, "மேலேர்ந்து சொன்னாங்க மேடம்" என்றார். சரி என்றேன். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. என்னை யார் மேல் கோபப்படச் சொல்கிறீர்கள்?

பிறகு அவளைப் பற்றித் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டேன். ஒரு இறால் பண்ணையில் தண்ணீர் பார்க்கும் வேலைக்குப் போனாள். முதலாளியோடு சண்டை. ஐஸ் கம்பெனிக்குப் போனாள், அங்கேயும் நிலைக்கவில்லை. "அந்தப் பொம்பளைக்கு எங்க போனாலும் ஒத்துவராது" என்று முனுசாமி சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. எந்த இடமும் அவளோடு ஒத்துப்போகவில்லை என்று ஏன் யாருமே சொல்வதில்லை?

கவிதா எழுதச் சொன்ன பிறகு, அஞ்சலையைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. விசாரித்தேன். கோட்டக்குப்பத்தில் ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிறாள் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். மாடியில் நீளமான மேஜை. நைட்டித் துணியை அடுக்கு அடுக்காக விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னை உடனே தெரிந்துகொண்டாள்.

"வாக்கா. ஒக்காரு. முட்டி எப்படி இருக்குது?"

சுற்றிலும் இருந்த பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கோடு போட்டாள், தள்ளி நின்று பார்த்தாள், துணியைப் பாதி திருப்பினாள். அவள் வெட்டினால் துணியில் ஒரு சாண்கூட வீணாவதில்லை என்று அங்கே இருந்த பாத்திமா பீ என்கிற அம்மாள் எனக்குச் சொன்னார். "எங்க மொதலாளி இவ மேஜை கிட்டயே வரமாட்டாரு. இவ இஷ்டத்துக்கு வுட்டுட்டாரு. அல்லா புண்ணியத்துல நல்லாப் போவுது."

"இங்க பரவாயில்லையா?" என்றேன்.

"பரவாயில்ல. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்." மேஜையைத் தட்டினாள். "மூணு மணி நேரத்து வேலைதான்க்கா இது. நாள் பூராவும் செய்யறேன்."

மனசில் சுமந்து வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். "அஞ்சலை, அன்னிக்கு மேனேஜர் ரூம்ல நான் சொல்லியிருக்கணும்."

அவள் கத்தரியை எடுத்தாள். "சொல்லியிருந்தா உன்னையும் சேத்து அனுப்பியிருப்பாரு."

"அனுப்பினா அனுப்பட்டும்."

"இப்ப சொல்ற."

"அப்பவும் அனுப்பியிருக்க மாட்டாருடி. என்னை வுட்டா அளக்கறதுக்கு ஆள் கிடையாது. எனக்கே தெரியும். ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது அவரால."

கத்தரி நின்றது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அதட்டலோ குறையோ அவள் குரலில் கொஞ்சமும் இல்லை.

"அப்ப சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

எனக்கு டீ வரவழைத்தாள். குடித்தேன். அவள் மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.